சுரங்கத்திலிருந்து ஓர் அரசமைப்பு வாசிப்பு: அம்பேத்கரின் 1947 முன்வரைவும் கோலார் தங்கவயலும்

முன்னுரை

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் உருவாக்கம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அரசியல் நிர்ணய சபையின் விவாதங்களையே முதன்மைச் சான்றாகக் கொள்கின்றன. ஏற்கப்பட்ட சட்டத்திற்கு முன்னர் எழுதப்பட்டு, ஏற்கப்படாமற்போன முன்வரைவுகள் போதிய கவனம் பெறவில்லை. அவற்றுள் தலையாயது, டாக்டர் பி. ஆர். அம்பேத்கர் அகில இந்தியப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் 1947இல் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்னும் ஆவணமாகும். இது கோரிக்கை மனு என்ற அளவில் நில்லாது, முகவுரையும் உறுப்புகளும் கூறுகளும் கொண்டு, நாட்டின் ஆட்சிமுறையையும் பொருளாதார அமைப்பையும் புதிதாக வகுத்துக் காட்டிய ஓர் அரசமைப்பு வரைவாகவே அமைந்துள்ளது.

இம்முன்வரைவைச் சட்டவியல் நோக்கில் மட்டும் அணுகாது, ஓர் ஊரின் வரலாற்றோடு பொருத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வூர் கோலார் தங்கவயல். முன்வரைவு தங்கவயலை மனத்திற்கொண்டு எழுதப்பட்டதன்று. எனினும், அது எழுப்பும் வினாக்கள் அனைத்தும் அச்சுரங்க நகரில் வாழ்க்கைச் சிக்கல்களாக முன்னரே எழுந்திருந்தன. தனியார் நிறுவனத்தின் ஆட்சி, நாட்டுடைமை, மூடல் என்னும் மூன்று நிலைகளையும் ஒரே ஊர் கண்டுள்ளமையால், முன்வரைவின் வலிமையையும் குறைபாட்டையும் ஒருசேர மதிப்பிடுவதற்குத் தங்கவயல் தக்கதோர் உரைகல்லாகிறது.

தங்கவயல்: நிறுவனத்தின் ஆட்சி

மைசூர் சமஸ்தானத்தின் கிழக்கெல்லையில் அமைந்த கோலார் பகுதியில் 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் இலண்டன் நிறுவனத்தின் மேலாண்மையில் நவீனச் சுரங்கத்தொழில் வளர்ந்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகிய நான்கும் முதன்மைச் சுரங்கங்கள். 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து இங்கு மின்சாரம் வந்தது. பின்னாளில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று.

நிலத்தடியில் உழைத்தோருள் பெரும்பாலோர் வடஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த ஆதிதிராவிட மக்கள். பண்ணையடிமைத்தனத்தையும் ஊர்க்கட்டுப்பாட்டையும் விட்டு வெளியேறிய அவர்களுக்குச் சுரங்கம் ரொக்கக் கூலியையும், சாதி இந்துக்களின் நேரடி அதிகாரத்திலிருந்து ஓரளவு விடுதலையையும் தந்தது. அதே வேளையில், அவர்கள் முழுமையாக ஒரு நிறுவனத்தின் எல்லைக்குள் அடங்கினர். வேலையும் அதனுடையது, குடியிருந்த ‘லைன்’ வீடும் அதனுடையது, மருத்துவமனையும் அதனுடையது, தங்கத் திருட்டைத் தடுப்பதற்கென அமைந்த காவற்படையும் அதனுடையது. வேலையிழந்தவன் அதனோடு வீட்டையும் இழந்தான். மைசூர் மன்னரின் அரசு உரிமத்தொகை பெறும் அரசாக இருந்தது. அன்றாட வாழ்வை ஆண்டது நிறுவனம். சுருங்கக் கூறின், ஊரின் சாதியாட்சியிலிருந்து தப்பியவர்கள் ஒரு தனியார் ஆட்சிக்குள் வந்து சேர்ந்தனர் எனலாம்.

‘எவருடைய ஆட்சி?’ என்னும் வினா

இம்மக்கள் ஆட்சிமுறை பற்றிய சிந்தனைக்குப் புதியவர்கள் அல்லர். அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) 1907இல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழுக்கும், அவர் நிறுவிய சாக்கைய பௌத்த சங்கத்திற்கும் தங்கவயலின் மாரிக்குப்பம் உறுதுணையாக விளங்கியது. அவர்தம் நூல்கள் சிலவற்றின் வெளியீட்டிலும் இவ்வூர்ப் பௌத்தர்களின் பங்கு பெரிது. அயோத்திதாசரின் மறைவுக்குப் பின் நின்றுபோன ‘தமிழன்’, ஜி. அப்பாதுரையாரின் முயற்சியால் 1926இல் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்ட ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுதிகளுக்குப் பின்னரே இம்மரபு தமிழாய்வுலகின் பரந்த கவனத்தைப் பெற்றது.

சுதேசியம் பேசப்பட்ட அக்காலத்தில் ‘தமிழன்’ விடாது எழுப்பிய வினா ஒன்றுண்டு. அன்னியரிடமிருந்து பெறப்படும் ஆட்சியதிகாரம் உள்நாட்டில் எவர் கைக்குச் சென்று சேரும் என்பதே அது. சாதி வேற்றுமை அகலாத சமூகத்தில் தன்னாட்சி என்பது சாதியாட்சியாகவே முடியும் என்பது அயோத்திதாசரின் அச்சம். மக்கட்தொகைக் கணக்கெடுப்பில் சாதிபேதமற்ற திராவிடர் எனத் தனித்துப் பதிவுபெற வேண்டும் என்று அவர் வலியுறுத்தியதையும் இப்பின்னணியிலேயே கொள்ளல் வேண்டும். எண்ணப்படாதவர்க்குப் பிரதிநிதித்துவம் இல்லை. பிரதிநிதித்துவம் இல்லாதவர்க்கு ஆட்சியில் இடமில்லை.

அம்பேத்கர் இவ்வினாவை அயோத்திதாசரிடமிருந்து பெற்றார் என்று கூறுதற்கில்லை. இருவரும் வெவ்வேறு நிலங்களில் வெவ்வேறு வழிகளில் ஒரே வினாவை வந்தடைந்தனர் என்பதே பொருந்தும். ஆயினும், 1947இல் அம்பேத்கர் வரைந்தது தங்கவயல் போன்றதோர் ஊரில் நாற்பதாண்டுகளாகக் கேட்கப்பட்டுவந்த ஒரு வினாவுக்கான சட்டவடிவ விடை என்று கருதலாம்.

முன்வரைவின் அமைப்பு

அம்முன்வரைவு ‘இந்திய ஐக்கிய அரசுகள்’ என்னும் பெயரில் ஓர் ஒன்றியத்தை உருவகித்தது. சமஸ்தானங்கள் ஒன்றியத்தில் சேர்வதற்கான தகுதிகள், அடிப்படை உரிமைகள், அவ்வுரிமைகள் மீறப்படுங்கால் பெறத்தக்க தீர்வுகள், சிறுபான்மையினர் பாதுகாப்பு, பட்டியல் சாதியினர்க்கான சிறப்புக் காப்புகள் எனப் பல பகுதிகளாக அது விரிகிறது. அவற்றுள் மூன்று கூறுகள் இங்கு இன்றியமையாதவை.

முதலாவது, ஆட்சித்துறையின் அமைப்பு. பெரும்பான்மைக் கட்சியின் தலைவர் தாம் விரும்பியோரைக் கொண்டு அமைச்சரவை அமைக்கும் பிரித்தானிய முறை இந்தியாவுக்கு ஒவ்வாது என்பது அம்பேத்கரின் நிலைப்பாடு. பிரிட்டனில் இன்றைய சிறுபான்மை நாளைய பெரும்பான்மையாகலாம். அங்குள்ள பிரிவுகள் அரசியற் கருத்தால் அமைந்தவை. இந்தியாவிலோ பெரும்பான்மை பிறப்பால் அமைவது, ஆதலின் மாறாதது. எனவே, தலைமையமைச்சரை அவை முழுமையும் மாற்றத்தக்க ஒற்றை வாக்கு முறையில் தேர்ந்தெடுத்தல் வேண்டும். சிறுபான்மைச் சமூகங்களின் அமைச்சர்களை அவ்வச் சமூக உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தல் வேண்டும். பெரும்பான்மைச் சமூகத்தின் அமைச்சர்களை அவை முழுமையும் சேர்ந்து தேர்ந்தெடுத்தல் வேண்டும். அமைச்சரவையின் காலம் சட்டமன்றத்தின் காலத்தோடு ஒத்தது. சிறுபான்மையினரை ஆள்வோரைத் தேர்வதில் சிறுபான்மையினர்க்கும், பெரும்பான்மையினரின் சார்பாளரைத் தேர்வதில் அனைவர்க்கும் பங்களித்தமை இத்திட்டத்தின் தனித்தன்மை.

இரண்டாவது, பொருளாதார அமைப்பு. அடிப்படைத் தொழில்கள் அரசுடைமையாக அரசாலேயே நடத்தப்படும். காப்புறுதி அரசின் தனியுரிமையாகும். வேளாண்மையும் அரசுத் தொழிலாகி, நிலம் கடனீட்டுப் பத்திரங்கள் வழங்கிக் கையகப்படுத்தப்பட்டு, கூட்டுப்பண்ணைகளாகச் சாதி சமய வேறுபாடின்றிக் கிராமத்தார்க்குக் குத்தகைக்கு விடப்படும். இவையனைத்தும் அரசமைப்பு நடைமுறைக்கு வந்த பத்தாண்டுகளுக்குள் நிறைவேறுதல் வேண்டும். திட்டத்தைவிட அது வைக்கப்பட்ட இடமே இங்குச் சிறப்பாக நோக்கத்தக்கது. சட்டமன்றம் விரும்பினால் இயற்றி, விரும்பாவிடில் நீக்கும் சாதாரணச் சட்டமாக அன்றி, அரசமைப்பின் பகுதியாகவே பொருளாதார அமைப்பு இடம்பெற வேண்டும் என்றார் அம்பேத்கர். மாறிமாறி வரும் பெரும்பான்மையின் விருப்பத்திற்கு உழைப்போரின் வாழ்வாதாரத்தை விட்டுவிடலாகாது என்பதே அதன் காரணம்.

மூன்றாவது, தனிக்குடியேற்றம். கிராமத்தில் நிலமின்றிச் சாதி இந்துக்களை நம்பி வாழும்வரை பட்டியல் சாதியினர்க்கு விடுதலையில்லை எனக் கருதிய அம்பேத்கர், அரசின் குடியேற்ற ஆணையம் ஒன்றின்வழி அவர்களுக்குத் தனிக் கிராமங்கள் அமைக்கப்பட வேண்டும் என்றார். தங்கவயலின் லைன்கள், அரசின் திட்டமெதுவுமின்றி, தொழிலின் தேவையால் உருவான அத்தகையதொரு குடியேற்றமே. பள்ளி, பௌத்த சங்கம், இதழ், தொழிற்சங்கம் ஆகியன அங்கு வேரூன்றியமை, கிராமத்தை விட்டகலுதல் என்னும் கருத்தின் ஆற்றலைக் காட்டுகிறது. எனினும், குடியேறிய நிலம் குடியேறியவர்க்கு உரியதாக இல்லாதபோது அவ்விடுதலை எத்துணை நொய்தானது என்பதையும் அதே லைன்கள் காட்டுகின்றன.

நான்கு அடிப்படைகளும் விரல்ரேகைப் பதிவும்

பொருளாதாரக் கூறுக்கு அம்பேத்கர் தரும் விளக்கம், அரசியல் மக்களாட்சியின் நான்கு அடிப்படைகளை முன்னிறுத்துகிறது. தனிமனிதர் தம்மளவிலேயே ஒரு குறிக்கோள். அவர்க்கு அரசமைப்பு உறுதிசெய்யும், பறிக்கவியலாத உரிமைகள் உள்ளன. ஒரு சலுகையைப் பெறுவதற்கு முன்நிபந்தனையாக எவரும் தம் உரிமையை விட்டுக்கொடுக்குமாறு கோரப்படலாகாது. பிறரை ஆளும் அதிகாரத்தை அரசு தனியாரிடம் ஒப்படைத்தலாகாது. தனியார் ஆதாயத்தை அடிப்படையாகக் கொண்ட பொருளாதாரம் பின்னிரண்டையும் மீறுகிறது என்பது அவர்தம் வாதம். வேலையற்ற ஒருவர் முன் கூலியும் உரிமையும் வைக்கப்பட்டால், பசி உரிமையைக் கைவிடச் செய்யும். அரசு தலையிடாத இடத்தில் நிலவுவது உழைப்போரின் சுதந்திரமன்று, உடைமையாளரின் ஆட்சியே.

இவ்விரண்டு அடிப்படைகளையும் தங்கவயல் 1930இலேயே சோதித்துப் பார்த்தது. அவ்வாண்டு தொழிலாளர் அனைவரும் தம் விரல்ரேகையைப் பதிந்தே வேலைக்கு வருதல் வேண்டும் என்று நிறுவனங்கள் ஏற்பாடு செய்தன. குற்றவாளிகளிடம் பெறப்படும் அடையாளத்தைத் தம்மிடம் கேட்பது தம்மைத் திருடராகக் கருதுவதாகும் என்று தொழிலாளர் கொதித்தெழுந்தனர். வலுவான தொழிற்சங்கம் எதுவும் இல்லாத நிலையில், சுமார் மூன்று வாரங்கள் சுரங்கங்கள் செயலற்றுக் கிடந்தன. கூலி உயர்வு மட்டுமே தொழிலாளர் போராட்டத்தின் பொருள் என்று கொள்வோர்க்கு இவ்வேலைநிறுத்தம் விளங்காது. வேலை என்னும் சலுகைக்கு ஈடாக மானம் என்னும் உரிமையைத் தர மறுத்த செயல் அது. அம்பேத்கரின் மூன்றாம் அடிப்படை 1947இல் எழுத்து வடிவம் பெறுவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே இங்குச் செயல்வடிவம் பெற்றிருந்தது.

நான்காம் அடிப்படையும் அவ்வாறே. 1946 நவம்பரில் தங்கவயலில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் அறுவர் உயிரிழந்தனர். சில மாதங்களுக்குப் பின் எழுதப்பட்ட முன்வரைவில், தனியாரிடம் ஆளும் அதிகாரம் குவிதல் பற்றிய எச்சரிக்கை இடம்பெறுகிறது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு காட்டுதல் தேவையில்லை. காலத்தின் பொதுச் சூழலை உணர்தல் போதும்.

1956: பாதி நிறைவேறிய திட்டம்

முன்வரைவின் பொருளாதாரக் கூறு ஏற்கப்படவில்லை. 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பில், நாட்டின் பொருள்வளங்கள் பொது நன்மைக்குப் பயன்படுமாறு பங்கிடப்படல் வேண்டும் என்னும் கருத்து 39ஆம் உறுப்பில் நெறிமுறைக் கோட்பாடாக மட்டும் இடம்பெற்றது. அக்கோட்பாடுகளை நீதிமன்றத்தின்வழிச் செயற்படுத்தவியலாது என்பதை 37ஆம் உறுப்பு தெளிவுறுத்துகிறது.

ஆயினும், அம்பேத்கர் வரையறுத்த பத்தாண்டுக்குள்ளாகவே தங்கவயலில் நாட்டுடைமை நிகழ்ந்தது. கோலார் தங்கச் சுரங்கங்கள் (கையகப்படுத்தல்) சட்டம், 1956 என்னும் மாநிலச் சட்டத்தின்வழி, அவ்வாண்டு நவம்பர் இறுதியில் மைசூர் அரசு சுரங்கங்களைத் தன்வயப்படுத்தியது. 1962 டிசம்பரில் அவை மைய அரசுக்கு மாற்றப்பட்டன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்னும் பொதுத்துறை நிறுவனம் உருவாயிற்று.

வெளித்தோற்றத்தில் இது முன்வரைவின் வெற்றியே. ஆனால் வேறுபாடு ஆழமானது. முன்வரைவு கோரியது அரசமைப்பின் கட்டளை. நிகழ்ந்தது சட்டமன்றத்தின் தீர்மானம். கட்டளைக்கு உட்பட்ட அரசு தன் கடமையை நிறைவேற்றுகிறது. தீர்மானத்தால் உடைமை பெற்ற அரசு தான் விரும்பும்போது அவ்வுடைமையைக் கைவிடலாம். இவ்வேறுபாடு 1956இல் எவர்க்கும் பெரிதாகத் தோன்றியிராது. அதன் விளைவு வெளிப்பட நாற்பத்துநான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன.

இதே காலத்தில் அரசியல் தளத்தில் தங்கவயல் அம்பேத்கரியத்தின் உறுதியான நிலமாகத் தொடர்ந்தது. 1952 தேர்தலில் மைசூர் சட்டமன்றத்தில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு 2 இடங்களைப் பெற்றது. அதன் வழித்தோன்றலாக 1957இல் உருவான இந்தியக் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் 2004இலும் தங்கவயல் சட்டமன்றத் தொகுதியில் வென்றார். ஆட்சியமைப்பில் பங்கு என்னும் கோரிக்கை, ஒரு தொகுதியின் வெற்றி என்னும் எல்லைக்குள் சுருங்கிப்போனதையும் இவ்வரலாறு உணர்த்துகிறது. ஒரு தொகுதியின் உறுப்பினர் சட்டமன்றத்தில் பேசலாம். சுரங்கம் பற்றிய முடிவை எடுக்கும் அவையில் அவர்க்கு இடமில்லை.

2001: மூடலும் அரசமைப்பும்

நிறுவனத்தின் நட்டம் பெருகியதற்குப் பல காரணங்கள் உண்டு. தாதுவின் தரம் குறைந்தது. ஆழம் கூடக்கூட அகழ்வுச் செலவு உயர்ந்தது. மைய அரசின்கீழ் வந்தபின், தங்கம் உள்நாட்டுச் சந்தை விலையிலன்றி அதனினும் குறைந்த பன்னாட்டு அலுவல் விலையில் கணக்கிடப்பட்ட காலமும் இருந்தது. நலிவுற்ற தொழில் நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, இறுதியில் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. தொழிலாளர் கூட்டுறவு அமைத்துச் சுரங்கத்தைத் தாமே நடத்த முன்வந்தனர். நீதிமன்றங்களில் வழக்குகள் நீண்டன. 2013இல் உச்ச நீதிமன்றம், சுரங்கச் சொத்துகளை உலகளாவிய ஒப்பந்தப்புள்ளிக்கு விடும் அரசின் முடிவுக்கு வழிவிட்டது. நிலுவைத் தொகையும் குடியிருப்புகளின் உடைமையும் நெடுங்காலம் தீராச் சிக்கல்களாயின. சுரங்கத்தில் இறங்கியோரின் மக்கள் வேலை தேடி நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூருவுக்குச் சென்று திரும்பலாயினர். ஊரினுள் எஞ்சியவை சயனைடு மண்மேடுகள்.

முன்வரைவு ஏற்கப்பட்டிருந்தால் சுரங்கம் மூடப்பட்டிராது என்று கூறுவது ஆய்வு நேர்மையன்று. எந்த அரசமைப்பும் பாறைக்குள் தங்கத்தை வைக்கவியலாது. ஆனால் வினா அதுவன்று. மூடுவது எனும் முடிவு எவ்வாறு எடுக்கப்பட வேண்டும், அதில் எவர் குரல் ஒலிக்க வேண்டும், மூடலின் சுமையை எவர் ஏற்க வேண்டும் என்பனவே வினாக்கள். அரசமைப்பின் காப்பைப் பெற்றிருந்த ஓர் உடைமையை, நிர்வாக முடிவொன்றினால் மட்டும் கைகழுவுதல் எளிதாக இருந்திராது.

எதிர்நிலையும் மதிப்பீடும்

இங்கு ஓர் எதிர்வாதத்தை எதிர்கொள்ள வேண்டும். 1948 நவம்பர் 15இல், அரசமைப்பில் சமதர்மம் என்னும் சொல்லைச் சேர்க்க வேண்டும் என்று கே. டி. ஷா கொணர்ந்த திருத்தத்தை அம்பேத்கரே எதிர்த்தார். எத்தகைய சமூக அமைப்பில் வாழ்வது என்பதை அவ்வக்கால மக்களே முடிவு செய்ய வேண்டும். அரசமைப்பு அதனைக் கட்டிப்போடலாகாது என்றார். அங்ஙனமாயின் 1947இன் நிலைப்பாட்டை அவர் கைவிட்டார் என்று கொள்வதா?

இரு உரைகளின் சூழல்கள் வேறுபட்டவை என்பதை மறத்தலாகாது. 1947இல் அவர் ஓர் ஒடுக்கப்பட்ட மக்கள் திரளின் சார்பாளர். 1948இல் வரைவுக் குழுவின் தலைவர். மேலும், ஷாவின் திருத்தம் ஒரு பெயரைச் சேர்த்தது. முன்வரைவோ உடைமையின் அமைப்பையே வரையறுத்தது. எனினும், முரண் முற்றிலும் நீங்கிவிடவில்லை. 1949 நவம்பர் 25இல் நிகழ்த்திய உரையில், அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையும் கொண்ட முரண்பட்ட வாழ்வுக்குள் நாடு நுழைகிறது என்று அவர் எச்சரித்தார். தாம் வரைந்து தந்த சட்டத்தில் தமது முன்வரைவின் இன்மையை அவர் உணர்ந்தே இருந்தார் என்பதற்கு அவ்வுரை சான்றாகும்.

முன்வரைவின் உண்மையான குறைபாடு வேறிடத்தில் உள்ளது. தனியார் முதலாளியின் ஆட்சியிலிருந்து தொழிலாளரைக் காப்பதற்கு அது அரசை நாடியது. அரசே முதலாளியாகி, அம்முதலாளியே தொழிலைக் கைவிடும் நிலையை அது முன்னுணரவில்லை. வேளாண்மையில் கூட்டுப்பண்ணையைக் கருதிய முன்வரைவு, தொழில்துறையில் உழைப்போரின் பங்கேற்பு பற்றி அத்துணை விரிவாகப் பேசவில்லை. 1976இல் 42ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 43அ உறுப்பு, தொழில் நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பை வலியுறுத்துகிறது. அதுவும் நெறிமுறைக் கோட்பாடே. நீதிமன்றத்தில் கேட்டுப் பெறும் உரிமையன்று. தங்கவயல் தொழிலாளர் 2001க்குப் பின் கூட்டுறவாக அமைந்து கேட்டது இவ்வுரிமையைத்தான்.

முடிவுரை

அயோத்திதாசர் கேட்ட வினா, ஆட்சி எவர் கைக்குச் செல்லும் என்பது. அம்பேத்கர் 1947இல் அதற்கு இரு விடைகள் தந்தார்: அமைச்சரவை அனைத்துச் சமூகங்களுக்கும் உரியதாக வேண்டும், தொழிலும் நிலமும் பெரும்பான்மையின் விருப்பத்திற்கு அப்பாற்பட்ட பொதுவுடைமையாக வேண்டும். தங்கவயலின் வரலாறு இவ்விரண்டாம் விடையின் தேவையை 1930இலும் 1946இலும் மெய்ப்பித்தது. அதன் போதாமையை 2001இல் வெளிப்படுத்தியது. உடைமை மாறினால் மட்டும் போதாது. உடைமையாளர் எவராயினும், உழைப்போர்க்கு அம்முடிவில் சட்டவலிமையுள்ள பங்கு வேண்டும் என்பதே இவ்வூர் அம்முன்வரைவில் சேர்க்கும் திருத்தம்.

அரசமைப்பு வரைவுகள் சட்ட அறிஞர்களின் மேசையில் மட்டும் உருவாவதில்லை. விரல்ரேகை தர மறுத்து மூன்று வாரம் சுரங்கத்தில் இறங்காதிருந்தவர்களும் ஓர் அரசமைப்புக் கூற்றையே எழுதினர். ஏற்கப்படாத முன்வரைவுகளையும், அவற்றுக்கு முன்னும் பின்னும் மக்கள் எழுதிய இத்தகைய கூற்றுகளையும் இணைத்து வாசிப்பது தமிழாய்வு மேற்கொள்ள வேண்டிய பணியாகும். ‘தமிழன்’ இதழின் பக்கங்களும் தங்கவயல் தொழிற்சங்கங்களின் ஆவணங்களும் அப்பணிக்கான மூலங்கள். லைன்களில் வாழ்ந்தோரின் நினைவுகளும் அவற்றோடு சேர்த்துத் தொகுக்கப்படல் வேண்டும். சுரங்கம் மூடப்பட்டு ஆண்டுகள் பல கடந்த நிலையில், அந்நினைவுகளைச் சொல்லத்தக்க தலைமுறை குறைந்து வருகிறது என்பதை ஆய்வாளர்கள் கருத்திற்கொள்ள வேண்டும்.